லேட் காத்தமுத்து

புளியேந்தலில் செத்துப்போனவர்கள் கல்யாணத்துக்கு வரத் தொடங்கியது, அழைப்பிதழில் அவர்கள் பெயருக்கு முன்னால் 'லேட்' என்று போடுகிற வழக்கம் வந்த பிறகுதான். அதற்கு முன்னால், அமரர் என்றும் தெய்வத்திரு என்றும் காலஞ்சென்ற என்றும் போட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம், போனவர்கள் போன இடத்திலேயே இருந்தார்கள். அமரரானவர்கள் தேவர்களோடு இருந்தார்கள், தெய்வத்திருவானவர்கள் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாலை போட்ட படமாக இருந்தார்கள், காலம் சென்றவர்கள் காலத்தோடு போய்ச் சேர்ந்தார்கள், ஒருவர்கூடத் திரும்பி வந்து பந்தியில் உட்கார்ந்து ரசம் கேட்டதில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அச்சகம் வைத்திருந்த மலைராசன்தான் சென்னையிலிருந்து வந்த ஒரு அழைப்பிதழில் அந்தச் சொல்லைப் பார்த்து, சின்னதாக இருக்கிறது, பெயரோடு ஒரே வரியில் அடங்கிவிடும் என்று எடுத்துக்கொண்டார்.

முதலில் வந்தவர் ரைஸ் மில் ஆவுடைநாயகம். மகனுடைய கல்யாணத்தில் கடைசிப் பந்தியும் முடிந்து, இலையெல்லாம் எடுத்து, பாத்திரம் கழுவுகிற பெண்கள் பின்கட்டில் உட்கார்ந்துவிட்ட நேரத்தில், அவர் மண்டபத்து வாசல் வழியாகத் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து, ஓரமாக ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சமையல் மாரிக்கண்ணு ஆளைச் சரியாகப் பார்க்காமலே, "இந்நேரத்துக்கா வர்றது அண்ணே, பாயசம் தீந்துபோச்சே" என்றான். "வழியில ஒரு வேலையாயிருச்சுப்பா, இருக்கிறதப் போடு" என்றார் அவர். இலை போட்டார்கள். சாப்பிட்டார். கை கழுவினார். மகனையும் மருமகளையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார். அவர் செத்து அதற்கு முந்தின வருஷமே திவசம் கொடுத்தாயிற்று என்பது மாரிக்கண்ணுக்குக் கரண்டியைக் கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தும் அவன் கரண்டியைக் கழுவி முடித்தான். உயிரோடு இருந்தபோதும் ஆவுடைநாயகம் எந்த விசேஷத்துக்கும் நேரத்துக்கு வந்தவரில்லை என்பதால், ஊர்க்காரர்களுக்கு இதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அழைப்பிதழில் லேட் என்று இருந்தவர்கள் லேட்டாக வந்தார்கள், அவ்வளவுதான். மண்டபத்துக் கமிட்டி வாடகை நேரத்தைச் சாயங்காலம் வரை நீட்டியது. எல்லாப் பந்தியும் முடிந்த பிறகு அவர்களுக்கென்று ஒரு பந்தி வைக்கும் பழக்கம் வந்து, அதற்கு லேட் பந்தி என்று பெயரும் வந்தது. போட்டோவில் அவர்கள் விழுவதில்லை. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடைவெளி மட்டும் விழும். முதலில் போட்டோகிராபர்களோடு சண்டை போட்டவர்கள், போகப் போக ஆல்பத்தைப் புரட்டும்போது அந்த வெற்றிடத்தைக் காட்டி, இது எங்க அப்பா, இது எங்க சித்தி என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். அடித்து உதைத்த புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி மட்டும் மலைராசனிடம் வந்து, தெய்வத்திரு என்று கொட்டை எழுத்தில் போடச் சொல்லி, அச்சடித்ததைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத அப்பனுக்கு ஒருத்தன் வேண்டுமென்றே லேட் போட்டுவிட்டான். அந்தப் பெரியவர் முகூர்த்தத்துக்கு முன்னாலேயே முதல் ஆளாக வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, மலைராசனைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார். உயிரோடு இருக்கிறவர்களை அந்தச் சொல் ஒன்றும் செய்யாது என்பது அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது.

ஏன் இந்தச் சொல்லுக்கு மட்டும் வருகிறார்கள் என்று சிலர் ஹைஸ்கூலில் இங்கிலீஷ் எடுக்கும் டெய்சி டீச்சரிடம் போய்க் கேட்டார்கள். டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தச் சொல்லுக்குத் தாமதம் என்றும் அர்த்தம் உண்டு, இறந்தவர் என்றும் அர்த்தம் உண்டு, இரண்டுக்கும் நடுவில் இன்னொன்றும் உண்டு, சமீபத்தில், கொஞ்ச நாள் முந்திவரைக்கும் என்ற அர்த்தம் என்றாள். நூறு வருஷத்துக்கு முந்திச் செத்தவரை அப்படிச் சொல்ல மாட்டார்கள், நேற்றுவரைக்கும் இருந்தாரே என்று நினைக்க யாராவது இருக்கிறவரைக்கும்தான் அப்படிச் சொல்வார்கள் என்றாள். சரிதான், கொள்ளுத்தாத்தாக்களுக்கு லேட் போட்டவர்கள் வீட்டில் இலை காலியாகவே இருந்தது. அதன் பிறகு ஊரில் கொஞ்ச நாள் அந்தச் சொல்லை எடுக்கவே ஆட்கள் யோசித்தார்கள். பஸ் லேட் என்று சொல்லாமல் பஸ் பிந்திப்போச்சு என்றார்கள். மெதுவாகப் புரிந்துகொள்கிறவனை லேட் பிக்கப் என்று கேலி செய்த பையன்களை அவரவர் அம்மாக்கள் வாயில் போட்டார்கள். செல்போன் கடைக்காரர் 'லேட்டஸ்ட் மாடல்' என்ற போர்டைக் கழற்றி உள்ளே வைத்தார். பிறகு அதுவும் பழகிப்போய்ச் சொல் பழையபடி எல்லா வேலையும் செய்ய ஆரம்பித்தது.

ஒன்றில் மட்டும் ஊர் கவனமாக இருந்தது. வந்தவர்களிடம் எங்கிருந்து வருகிறீர்கள், அங்கே எப்படி இருக்கிறது என்று கேட்கக் கூடாது. தொடக்கத்தில் ஒருத்தி ஆசை தாளாமல் புருஷனிடம், "அங்க எப்படிங்க இருக்கீக?" என்று கேட்டுவிட்டாள். அவர், "எங்க?" என்றார். பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதிச் சோற்றில் எழுந்து போனவர், அடுத்த மகள் கல்யாணத்துக்கு லேட் என்று போட்டும் வரவில்லை. தங்களுக்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது என்பதைத் தவிர அவர்களுக்கு வேறெதுவும் தெரியாது. செத்தபோது எந்த வயசோ அந்த வயசில் வருவார்கள், பசியோடு வருவார்கள், சாப்பிட்டுக் கை கழுவியதும் போய்விடுவார்கள்.

இந்த ஊரில்தான் பூமயில் இருந்தாள். மிளகாய் கமிஷன் கடையில் காம்பு கிள்ளுகிற வேலை. அவள் புருஷன் காத்தமுத்து, மகள் வினோதா இரண்டாவது படிக்கும்போது பம்பாய் வழியாக மஸ்கட்டுக்குக் கட்டட வேலைக்கென்று புறப்பட்டுப் போனவன், போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு போன்கூடப் பண்ணவில்லை. அனுப்பிவைத்த ஏஜென்ட் கொஞ்ச நாள் சாக்குச் சொல்லிவிட்டு ஆபீசைப் பூட்டிக்கொண்டு போனான். பூமயில் கலெக்டர் ஆபீசுக்கு நடந்தாள், எம்எல்ஏ வீட்டு வாசலில் நின்றாள், வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்களிடமெல்லாம் போட்டோவைக் காட்டினாள். அப்படி வந்த பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன், மஸ்கட்டில் ஒரு டீக்கடையில் காத்தமுத்து மாதிரி ஓர் ஆளைப் பார்த்ததாகவும், கூட ஒரு பொம்பளை இருந்ததாகவும் சொன்னான். அந்தப் பேச்சு தெருக்கோடியைத் தொடுவதற்குள் அதிலிருந்த 'மாதிரி' உதிர்ந்துபோயிற்று. அன்றிலிருந்து பூமயில் தேடுவதை விட்டுவிட்டாள்.

தேடுவதை விட்டவளுக்குக் கோபம் துணைக்கு வந்தது. மிளகாய் நெடியில் கண் எரியும்போது அவனைத் திட்டினாள், மகளுக்குக் காய்ச்சல் வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது திட்டினாள், மழையில் கூரை ஒழுகும்போது சட்டியை வைத்துவிட்டுத் திட்டினாள். தாலியையும் பொட்டையும் மட்டும் எடுக்கவில்லை. ஏன் இன்னும் போட்டிருக்கிறாய் என்று கேட்டவர்களிடம், "வந்தான்னா மூஞ்சியில கழட்டி எறியிறதுக்காச்சும் வேணும்ல" என்பாள். அப்படியே பதினாறு வருஷம் போயிற்று. அவள் காதோரத்தில் நரைத்தது, வினோதா நர்சிங் முடித்து வேலைக்குப் போனாள், நாவல்கண்மாயில் ராஜகுரு என்ற பையனை நிச்சயம் பண்ணினார்கள்.

அழைப்பிதழ் எழுதிக் கொடுக்க வேண்டிய நாளில் வினோதா சொன்னாள்.

"அம்மா, அப்பா பேருக்கு முன்னால லேட்னு போடச் சொல்லு."

பூமயில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "உசுரோட இருக்கிற மனுசனுக்கா?"

"உசுரோட இருக்காருன்னு யாரு பாத்தா?"

"பாத்தவன் வந்து சொன்னான்ல."

"மாதிரி இருந்தாருன்னுதாம்மா சொன்னான்." வினோதா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "போட்டுப் பாப்போம். வந்தா செத்துட்டாரு. வரலைன்னா இருக்காரு. ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுரும்ல."

"வந்தா உனக்குச் சந்தோசமா?"

வினோதா ஈர அரிசியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டாள். "வந்தா, நம்மள விட்டுட்டுப் போகலைன்னு தெரியும்மா" என்றாள்.

களைந்த தண்ணீரைக் கீழே கொட்டாமல் பூமயில் அப்படியே வைத்திருந்தாள். அவள் மகள் ஒருநாளும் அப்பாவைப் பற்றிக் கேட்டதில்லை. அம்மா திட்டும்போது அந்தப் பக்கம் திரும்பிப் பாடம் படித்தாள், பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் போன் பார்த்தாள். கேட்காமலே இருந்தவள் இத்தனை நாளும் எதை நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் பூமயிலுக்குத் தெரிந்தது.

காத்தமுத்துவின் அண்ணன் ராக்கப்பன் கேள்விப்பட்டு வந்து வாசலிலேயே நின்றார். "எந்தம்பிய நீயே சாகடிக்கப் பாக்குறியா?"

"உள்ள வாங்க மச்சான். நான் யாரையும் சாகடிக்கல. இருந்தா இருந்துட்டுப் போகட்டும், எழுத்துல போட்டா செத்துருவாரா?"

"வந்துட்டான்னா?"

தம்பி எங்கோ நன்றாக இருக்கிறான், கெட்டவனாகவாவது இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே வயசானவர் அவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அச்சகத்தில் மலைராசன் பெயரை டைப் பண்ணிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "யோசிச்சுக்க தாயி. அச்சாயிருச்சுன்னா நான் திருப்பி எடுக்க முடியாது."

"போடுங்கண்ணே" என்றாள் பூமயில்.

அழைப்பிதழ் வந்ததிலிருந்து கல்யாண நாள்வரை அவளால் சாமி கும்பிட முடியவில்லை. அம்மன் கோயிலில் போய் நின்றாள், கையைக் கூப்பினாள், என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றாள். வரட்டும் என்று கேட்டால் அவனைச் சாகச் சொல்வதாகும். வர வேண்டாம் என்று கேட்டால், அவன் இன்னொருத்தி சமைத்ததைத் தின்றுகொண்டு இவர்களை மறந்து உட்கார்ந்திருக்கட்டும் என்று கேட்பதாகும். ஒன்றும் கேட்காமல் திருநீற்றை வாங்கிக்கொண்டு திரும்பினாள். கமிஷன் கடையில் கூட வேலை செய்கிற பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அவளுக்குத் தெரியாமல் அவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள், வருவான் என்று பாதிப் பேர், வரமாட்டான் என்று பாதிப் பேர், எந்தக் கட்சி அவளுக்கு நல்லதை நினைக்கிறது என்று அவர்களுக்கே விளங்கவில்லை.

கல்யாணத்தன்று காலையில் நல்லபடியாகத் தாலி கட்டு முடிந்தது. ராக்கப்பன் வந்திருந்தார், அப்பா நிற்க வேண்டிய இடத்தில் அவர்தான் நின்று தாரை வார்த்துக் கொடுத்தார். பந்திகள் நடந்தன. வழக்கமாகச் சாப்பிட்டதும் கிளம்புகிறவர்கள்கூட அன்றைக்கு வெற்றிலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் பந்தியும் எழுந்தது. மாரிக்கண்ணு ஓரமாக ஒற்றை இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். வெயில் வாசற்படியில் கிடந்தது, அதில் ஒரு நாய் வந்து படுத்தது, வேறு யாரும் வரவில்லை.

ராகு காலத்துக்கு முன்னால் புறப்பட வேண்டும் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். வினோதா இன்னும் கொஞ்ச நேரம் என்றாள். ராஜகுரு அவர்களிடம் போய்ப் பேசிக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொண்டு வந்தான், அதுவும் தீர்ந்தது. நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். மணமேடைப் பூவைப் பிரித்தார்கள். வினோதா அந்த இலையையும் வாசலையும் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"சரிம்மா. நல்லாத்தான் இருக்காரு போல" என்றாள்.

முகத்தில் ஒன்றும் காட்டாமல் அவள் காரில் ஏறினாள். கார் தெருமுனை திரும்பும்வரை பூமயில் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு உள்ளே வந்து வெறும் இலைக்கு எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, பழைய கோபம் வந்தது. பழகிய கோபம் வந்ததில் ஓர் ஆறுதலும் இருந்தது. இருக்கிறான். எங்கோ ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டு இருக்கிறான். இருந்து தொலையட்டும்.

அப்போதுதான் அவன் வந்தான்.

வாசலில் செருப்பை விட்டுவிட்டு, தோளில் ஒரு பையோடு, வேகமாக நடந்து வந்தவன் மாதிரி மூச்சு வாங்க வந்தான். அடர்த்தியான கருத்த தலைமுடி, சவரம் செய்து ஒரு நாள் ஆன முகம். முப்பத்திரண்டு வயசு. பதினாறு வருஷத்துக்கு முன்னால் பஸ் ஏறும்போது என்ன வயசோ அதே வயசு. அந்தப் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக இங்கே வந்தவன் மாதிரி இருந்தான்.

"பிந்திப்போச்சு பூமயிலு" என்றான். "பம்பாய் ஸ்டேசன்ல வண்டி மாறணும்ல, ஒரே கூட்டம். தள்ளிவிட்டுட்டாங்க. அதுல கொஞ்சம் லேட்டாயிருச்சு."

பூமயில் எழுந்தாள். பம்பாயைத் தாண்டவே இல்லை. மஸ்கட்டும் இல்லை, டீக்கடையும் இல்லை, பொம்பளையும் இல்லை. அவள் அவனை முதல்முதலாகத் திட்டிய நாளில் அவன் இல்லை. அதற்குப் பிறகு திட்டிய எந்த நாளிலும் இல்லை.

அவன் அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தான். "ஏன் இப்படி வாடிப்போயிருக்க? வெயில்ல நின்னியா?"

"ஆமா" என்றாள் பூமயில். "கொஞ்ச நேரம் நின்னுட்டேன்."

ராக்கப்பன் அந்தப் பக்கம் திரும்பித் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் அடுக்காமல் நின்றார்கள். மாரிக்கண்ணு ஊர் வழக்கப்படி சோற்று வாளியை எடுத்துக்கொண்டு வந்தான். காத்தமுத்து பையைக் கீழே வைத்துவிட்டு, "நல்ல பசி" என்று இலைக்கு முன்னால் உட்காரப் போனான்.

"இருங்க" என்றாள் பூமயில். வாளியைப் பிடித்துத் தடுத்தாள். "இங்க சாப்பிட வேணாம். பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருச்சு. அங்க போய்ச் சாப்பிடலாம்."

இதுவரை புளியேந்தலில் யாரும் அப்படிச் செய்ததில்லை. வந்தவர்களுக்கு உடனே சோறு போட வேண்டும் என்பதுதான் தெரியும். பசியோடு வைத்திருந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ராக்கப்பன் வேண்டாம் என்று தலையாட்டினார். பூமயில் அவரைப் பார்க்கவில்லை. மாரிக்கண்ணுவிடம் தூக்குச் சட்டியில் சோறும் குழம்பும் வாங்கிக்கொண்டாள், இலையைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டாள்.

"யாரு கல்யாணம்?" என்று கேட்டான் அவன், பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது.

"நமக்கு வேண்டப்பட்ட பொண்ணு" என்றாள்.

நாவல்கண்மாய் பஸ்ஸில் கண்டக்டர் அவனைப் பார்த்தார், அவள் கையிலிருந்த தூக்குச் சட்டியைப் பார்த்தார், அவளுக்கு மட்டும் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, முன்னால் போய் டிரைவரிடம் ஏதோ சொன்னார். பஸ் வழியில் நிற்காமல் போயிற்று. கை காட்டியவர்களைத் தாண்டிப் போயிற்று. உள்ளே இருந்தவர்களில் இறங்க வேண்டியவர்கள்கூடக் கேட்கவில்லை.

காத்தமுத்து ஜன்னலோரம் உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டு வந்தான். பாதி வழியில் அவன் கை நடுங்க ஆரம்பித்தது, உதடு காய்ந்தது. "தாங்க முடியல பூமயிலு, ஒரு வாய் போட்டுக்கறேனே" என்றான். அவள் சட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்தா வந்துருச்சு, இந்தா வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பதினாறு வருஷமாக அவனிடம் கேட்க வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அவளிடம் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் வேறு யாரையோ கேட்க வேண்டியவையாக இருந்தன. கடைசியில், "பாதை பூரா என்னைய நெனச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"நேத்துதான கிளம்புனேன், அதுக்குள்ள என்ன" என்று சிரித்தான் அவன். பிறகு, "நெனச்சேன்" என்றான். நடுங்குகிற அந்தக் கையை அவள் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்கு அக்காவும் தம்பியும் மாதிரி இருந்திருக்கும்.

மாப்பிள்ளை வீட்டில் விளக்கு வைக்கிற நேரம். கூடத்தில் பெண்கள் வினோதாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் பூமயிலின் குரல் கேட்டு ராஜகுரு எழுந்து, "வாங்கத்தை" என்று வந்தவன், பின்னால் வந்தவனைப் பார்த்ததும் வழிவிட்டு ஒதுங்கி நின்றான். ஏறக்குறைய அவன் வயசுதான் அந்த ஆளுக்கும்.

வினோதாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீட்டில் ஒரே ஒரு போட்டோ இருந்தது, அதில் இருந்த முகம் அப்படியே வந்து நின்றது. அவள் எழுந்து, பட்டுச்சேலை தடுக்க, கூடத்தைத் தாண்டி அவன் முன்னால் வந்து நின்றாள்.

காத்தமுத்து அவளைப் பார்த்தான். தலை நிறையப் பூவும் கழுத்து நிறைய மாலையுமாக நின்ற மணப்பெண்ணைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான். "நீதான் பொண்ணாம்மா? நல்லாயிரு" என்றான். அப்புறம் அவள் தோளுக்கு மேலாகக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தான், பெண்களுக்கு நடுவில் பார்த்தான், கதவு இடுக்கில் பார்த்தான், குனிந்து கட்டிலுக்குக் கீழேகூடப் பார்த்தான்.

"பூமயிலு, பாப்பா எங்க?" என்றான்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் வினோதாவைப் பார்த்தார்கள். நாந்தான் அப்பா என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன், எப்படி என்று கேட்பான், பிறகு தன் கையைத் திருப்பிப் பார்ப்பான்.

"பாப்பா தூங்குது" என்றாள் வினோதா.

"இந்நேரத்துலயா?"

"காலையிலேர்ந்து உங்களையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. இப்பத்தான் அசந்துருச்சு." அவள் கழுத்து மாலையை ஒதுக்கிக்கொண்டாள். "எழுப்பட்டுமா?"

"வேணாம், வேணாம்" என்றான் அவன் அவசரமாக. "பாதித் தூக்கத்துல எழுப்புனா அழுவா. தூங்கட்டும்."

வினோதா அம்மாவின் பையிலிருந்து இலையை எடுத்துத் தானே விரித்தாள், தானே சோறு போட்டாள். நகைகள் இடறாமல் இருக்கக் கையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து பரிமாறினாள். பூமயில் சுவரோரமாக நின்று பார்த்தாள். அவன் பசியோடு சாப்பிட்டான், குழம்பு நன்றாக இருக்கிறது என்றான், இன்னும் கொஞ்சம் என்று இலையைக் காட்டினான். மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி உள்ளேயிருந்து லட்டு கொண்டுவந்து வைத்தாள். அதை மட்டும் அவன் தொடவில்லை. இலையின் ஓரத்துக்கு ஒதுக்கி வைத்தான்.

"இத எடுத்து வைம்மா. பாப்பாவுக்கு" என்றான்.

"சரி" என்றாள்.

அவன் சாப்பிட்டு முடிப்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மோர் ஊற்றினாள். அவன் எழுந்து கொல்லைப்புறம் போய்க் கை கழுவினான். ராஜகுரு துண்டை நீட்டினான். துடைத்துக்கொண்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டி, வாசலுக்குப் போனவன், அங்கே நின்று திரும்பினான்.

"முழிச்சா, அப்பா வந்துட்டுப் போனாருன்னு சொல்லும்மா. வந்து பாத்தாரு, நீ தூங்கிக்கிட்டு இருந்தேன்னு சொல்லு. இல்லைன்னா வரவே இல்லைன்னு நெனச்சுக்கும்."

"சொல்றேங்க" என்றாள் வினோதா.

அவன் படியிறங்கித் தெருவில் நடந்து போனான். பூமயில் வாசற்படிவரை வந்து நின்றாள். அதற்கு மேல் கூடப் போகக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். கூடத்தில் யாரோ இலையை எடுக்கக் குனிந்தார்கள். இருங்க என்று வினோதா கையைக் காட்டினாள். பட்டுச்சேலையோடு தரையில் சம்மணம் போட்டு, அவன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே உட்கார்ந்து, ஓரத்தில் இருந்த லட்டை இரண்டு கையாலும் எடுத்து, பூந்தி ஒன்றுகூடக் கீழே சிந்தாமல் மெதுவாகச் சாப்பிட்டாள்.